பெரிய கஷ்டம் எதுவும் இல்லாதவருக்கும் மன அழுத்தம் ஏன் வருகிறது?

“நிலையான வேலை இருக்கிறது, வீட்டில் சண்டை சச்சரவு இல்லை, கடனும் பெரிதாக இல்லை, ஆனாலும் எந்நேரமும் நெஞ்சில் ஓர் இறுக்கம், இரவில் தூக்கம் பிடிப்பதில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது. எல்லாரும் இதை மன அழுத்தம் என்கிறார்கள். அழுத்தம் தரும்படி என் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லையே, பிறகு இது எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய துன்பம் இருந்தால்தான் பெரிய அழுத்தம் வரும் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். அதனாலேயே, காரணம் சொல்ல முடியாத அழுத்தத்தைத் தங்கள் மனத்தின் பலவீனம் என்று எண்ணிப் பலர் வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இதைப் பற்றிச் சுமார் நூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி காட்டுவது வேறு: வருவது எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எப்போது வரும் என்று முன்பே தெரிகிறதா, அதை மாற்ற நம் கையில் ஏதேனும் இருக்கிறதா, யார் பார்வைக்கு முன்னால் அது நடக்கிறது, எப்போது முடியும் என்பவையே நம்மை அதிகம் வாட்டுகின்றன.

முதலில் உடலுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்ட உடனே, சில நொடிகளுக்குள், நரம்புகளின் வழியாகச் செய்தி சென்று, சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வாய் உலர்கிறது, செரிமானம் மந்தமாகிறது, கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்துக்கு அனுப்புகிறது. எதிர்த்துச் சண்டையிடவோ தப்பி ஓடவோ உடல் தன்னைத் தயார்செய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கினார். இதற்குப் பின்னால் மெதுவான இன்னொரு பாதையும் இயங்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. சம்பவம் தொடங்கி ஏறத்தாழ இருபது முப்பது நிமிடங்களில் அது உச்சத்தைத் தொடுகிறது. ஏச்சுப் பேச்சு முடிந்து வீடு திரும்பும் வழியிலும் உடம்பு பதறிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்ட்டிசாலைக் கெட்ட ஹார்மோன் என்று எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அது சரியல்ல. காலையில் நாம் கண்விழிக்கும் நேரத்தை ஒட்டி அது உயர்வதும் நள்ளிரவை ஒட்டித் தாழ்வதும் இயல்பு. அது போதிய அளவு சுரக்காத அடிசன் நோய்க்குச் சிகிச்சை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு என்று அமைந்த ஏற்பாடு மாதக்கணக்கில் அணையாமல் இருப்பதில்தான் கேடு வருகிறது.

அழுத்தம் என்பதை மருத்துவ ஆராய்ச்சியின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் கனடாவின் மாண்ட்ரீலில் இருந்த ஹான்ஸ் செலியே. 1936-ல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், அறுவை செய்தாலும், நஞ்சை ஊசியில் ஏற்றினாலும், உடலுக்குள் தெரிந்த மாற்றங்கள் ஒன்றாகவே இருந்தன: அட்ரினல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையிலும் குடலிலும் புண் வந்தது. எந்தத் தாக்குதலுக்கும் உடலின் பதில் ஒன்றே என்று அவர் முடிவுகட்டினார். அந்த முடிவில் இருந்த ஓட்டையைப் பின்னர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் மேசன் சுட்டிக்காட்டினார். பட்டினி போட்ட குரங்குகளுக்குக் கார்ட்டிசால் ஏறியது உண்மைதான். ஆனால் அந்தக் குரங்குகள் அடுத்த கூண்டில் மற்றவை தின்பதைப் பார்த்துக்கொண்டு ஏங்கிக் கிடந்தன. அவற்றைத் தனியே பிரித்து, சத்து ஏதும் இல்லாத, சுவை மட்டும் சேர்த்த உருண்டைகளைக் கொடுத்தபோது, பட்டினி நீடித்தும் கார்ட்டிசால் அவ்வாறு ஏறவில்லை. ஆகவே பசியைவிட, தனக்கு இல்லை என்று உணர்ந்த அந்த நிலையே அவற்றின் சுரப்பிகளைத் தூண்டியிருக்கிறது. மன அழுத்தத்தைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்த சோதனை இதுவே.

இதையே மனிதர்களுக்குப் பொருத்திக் கோட்பாடாக்கியவர் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ். ஒன்று நிகழும்போது நாம் அறியாமலே இரண்டு கணக்குகளைப் போடுகிறோம்: இதனால் எனக்கு என்ன பாதிப்பு, இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது. முதல் கணக்கு இரண்டாவதை விஞ்சும்போது அழுத்தம் பிறக்கிறது. பொதுத்தேர்வு எழுதும் இருவருக்கு வினாத்தாள் ஒன்றுதான். தோற்றாலும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்னும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கும், இதில் தவறினால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்னும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கும் அது ஒரே தேர்வு ஆகாது. லாசரஸின் இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் பார்க்கும் பார்வையில்தான் இருக்கிறது, மனசை லேசாக வைத்துக்கொள்” என்று புத்திசொல்லக் கிளம்புகிறவர்கள் இரண்டாவது கணக்கை மறந்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் பணம், உதவிக்கு வரும் உறவு, விடுப்புக் கிடைக்கும் வேலை ஆகியவை யாருடைய பார்வையையும் பொறுத்தவை அல்ல. அவை இருக்கும், அல்லது இருக்காது.

1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகள் 43-ஐ எடுத்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டார்கள். துணையை இழப்பது 100, மணமுறிவு 73, பணி ஓய்வு 45 என்று போகும் அந்தப் பட்டியலில் திருமணத்துக்கு 50. நல்ல நிகழ்வும் வாழ்க்கையின் ஒழுங்கைக் கலைக்கிறது, கலைந்ததைப் புதிதாக அடுக்க உழைப்புச் செலவாகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பட்டியலை வைத்து உங்களைப் போன்றவரை விளங்கிக்கொள்ள முடியாது. ஆண்டு முழுக்க ஒரு மாற்றமும் இல்லாதவரின் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். எதுவும் மாறாமல் அப்படியே நீடிப்பதுதான் அவருடைய துன்பமாக இருந்தால் அது பட்டியலில் விழாது.

இனி, முதலில் சொன்னவற்றுள் நிச்சயமின்மையை எடுத்துக்கொள்வோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 45 பேர் கணினித் திரையில் தெரியும் பாறைகளுக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. அதிர்ச்சி கட்டாயம் உண்டு என்று தெரிந்த நேரத்தைவிட, வருமோ வராதோ என்று பாதிக்குப் பாதியாக இருந்த நேரத்தில்தான் வியர்வையும் கண்மணியின் விரிவும் அவர்களே சொன்ன பதற்றமும் உச்சத்தில் இருந்தன. இதற்கான ஆய்வுக்கூடம் நம் கைப்பேசியிலேயே இருக்கிறது. இரவு ஒன்பதரை மணிக்கு மேலதிகாரியிடமிருந்து “நாளைக்குக் காலையில் வந்ததும் என்னைப் பாருங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. காரணம் ஒன்றும் சொல்லப்படவில்லை. பதில் அனுப்பி, நீலக் குறி விழுந்தும் மறுமொழி இல்லை. அந்த இரவின் தூக்கம் போனதுதான். மறுநாள் விஷயம் என்னவோ விடுப்புப் பட்டியலைச் சரிபார்ப்பதாக இருக்கலாம். ஆனால் உடல் அன்றிரவு செலவழித்ததை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இத்தகைய இரவுகளை வாழ்க்கையில் நடந்த கஷ்டங்களின் கணக்கில் நீங்கள் சேர்த்திருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் கையில் ஏதேனும் இருக்கிறதா என்பது அடுத்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் எலிகளை இணையிணையாக வைத்து, ஒரே நேரத்தில் ஒரே அளவு மின்னதிர்ச்சி கொடுத்தார். ஓர் எலி தன் முன்னிருந்த சக்கரத்தைச் சுழற்றினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நின்றுவிடும்; மற்றதன் சக்கரத்தால் ஒரு பயனும் இல்லை. இரண்டும் பட்ட அடி சமம்தான், ஆனால் கையாலாகாமல் இருந்த எலிக்கு இரைப்பைப் புண் மிக அதிகம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கு வரும் வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும் சிலவகை வலி மாத்திரைகளுமே காரணம். அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்தவர்கள் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே எலியின் புண்ணைக் கொண்டு உங்கள் வயிற்றெரிச்சலுக்கு நீங்களே காரணம் எழுதிக்கொள்ளாமல், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனிதர்களிடையே இதற்குக் கிடைத்த வலுவான சான்று பிரிட்டன் அரசு ஊழியர்களிடமிருந்து வந்தது. 1967-ல் தொடங்கிய வொய்ட்ஹால் ஆய்வு ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. பொறுப்பும் கூட்டங்களும் நெருக்கடியும் நிறைந்த மேலதிகாரிகளுக்கே மாரடைப்பு அதிகம் வரும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. கண்டது தலைகீழ்: கடைநிலையில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்த விகிதம் மேல்நிலையில் இருந்தவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் அந்த இடைவெளி முழுவதுமாக மறையவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் ஆண், பெண் இருபாலாருமாக 10,308 பேரை எடுத்துக்கொண்டு, தங்கள் வேலையை எப்படி, எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்றும் கேட்டார்கள். அந்த உரிமை குறைந்தவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தைக்கூடப் பிறர் தீர்மானிக்கும் ஒரு வேலை, வேலைப்பளு என்று பார்த்தால் குறைவாகவே இருக்கலாம். அதன் பளு வேறு விதமானது.

பிறர் பார்வை என்பதை நம்மில் பலர் குறைத்து மதிப்பிடுகிறோம். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் உருவாக்கப்பட்ட ஒரு சோதனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஒருவரை அறைக்குள் அழைத்து, வேலைக்கான நேர்காணல் போல் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையசைக்க மாட்டார்கள், முகத்தில் எதையும் காட்ட மாட்டார்கள். பேச்சு முடிந்ததும் 1022-லிருந்து 13 13-ஆக வாய்விட்டுக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 1009, 996, 983 என்று போய் ஓரிடத்தில் தடுமாறினால், “தவறு, முதலிலிருந்து தொடங்குங்கள்” என்று ஒரு குரல். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, தோற்றால் இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் இரண்டு மூன்று மடங்காகிறது. இத்தகைய 208 ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்து 2004-ல் வெளியான ஒரு கட்டுரை, தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றைச் செய்வதும், அதில் பிறர் தன்னை எடைபோடுவதும் சேரும்போதுதான் கார்ட்டிசால் மிக அதிகமாக ஏறுகிறது, மீள்வதற்கும் அதிக நேரம் ஆகிறது என்று காட்டியது. கல்யாண வீட்டில் “இன்னும் சொந்த வீடு வாங்கவில்லையா?”, “குழந்தை எப்போது?” என்று கேட்பவர்கள் அன்பில்தான் கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவரின் உடலுக்கு அது முகம் காட்டாத அந்த மேசைக்கு முன்னால் நிற்பதுதான்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது நம் மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்த ஆய்வாளர்கள், 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். கரும்புக்கு வருமானம் ஆண்டுக்கு ஒரு முறை, ஆலை பணம் தரும்போது மட்டும். ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே நாளில் அரைக்க முடியாதென்பதால் ஒருவருக்கு முதலிலும் மற்றவருக்குச் சில மாதம் கழித்தும் வெட்டு முறை வருகிறது. ஆகவே பருவ காலம்தான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறுவடைக்கு முன் நகை அடகில் இருக்கும், கைமாற்றுக் கடன் நிற்கும், அன்றாடச் செலவே இழுபறியாக இருக்கும். அதே மனிதரே, அந்த மாதங்களில் கவனத்தையும் சிந்தனையையும் அளக்கும் எளிய தேர்வுகளில், பணம் வந்த பிறகு வாங்கியதைவிடக் குறைவாக வாங்கினார். இந்தச் சரிவு முழுவதும் அழுத்த ஹார்மோன்களால் ஆனது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பணக் கவலையே மூளையின் கொள்ளளவில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்களின் விளக்கம். ஏழை தப்பான முடிவெடுக்கிறான், அதனால்தான் ஏழையாகவே இருக்கிறான் என்று வாய்கூசாமல் பேசுகிறவர்கள் இந்த ஆய்வை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எப்போது முடியும் என்று தெரியாத அழுத்தமே எல்லாவற்றிலும் கொடியது. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களையும், அதே வயதுள்ள வேறு 13 பெண்களையும் அமெரிக்க உளவியலாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் ஒப்பிட்டார்கள். எல்லாருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும்வரை கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறியது, பராமரிப்பவர்களுக்கு 48 நாட்களுக்கு மேல் பிடித்தது. 1995-ல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் குறைவு; ஆனால் நெடுநாள் அழுத்தம் நோய் எதிர்ப்பைக் குலைக்கிறது என்பது வேறு பல ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. உளவியலாளர் ஷெல்டன் கோஹன் 1991-ல் 394 பேரின் மூக்கில் சளிக் கிருமிச் சொட்டு விட்டுப் பார்த்தபோது, அழுத்தம் கூடக் கூடத் தொற்று பிடிப்பதும் கூடியது. பின்னர் செய்த ஆய்வில், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலைச் சிக்கலும் உறவுச் சிக்கலும்தான் முக்கியமானவை என்று தெரிந்தது. பக்கவாதத்தில் படுத்த மாமியாரையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டால், “பெரிதாக ஒன்றுமில்லை, எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே” என்றுதான் சொல்வார். அவருடைய உடல் சொல்வது வேறாக இருக்கும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய நிகழ்வு என்ன என்று தேடாமல், ஒரு வாரத்துக்கு, நெஞ்சு இறுகும் நேரத்தையும் அதற்குச் சற்று முன் நடந்ததையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். எதிர்பார்த்துக் காத்திருந்த ஒன்றா, மாற்ற முடியாத ஒன்றா, யாரோ எடைபோட்டதா, முடிவே தெரியாததா என்று பார்த்தால், சில நாட்களிலேயே ஒரு சாயல் தெரியலாம். அதைப் பொறுத்துத்தான் செய்ய வேண்டியதும் மாறும். நிச்சயமின்மை என்றால், “எது பற்றி என்று ஒரு வரி சொல்ல முடியுமா சார்?” என்று கேட்டுவிடுவது பத்து நிமிடத் தியானத்தைவிடப் பயன் தரும். கையில் ஒன்றுமில்லை என்பது சிக்கலானால், நாளின் ஒரு சிறு பகுதியையாவது நீங்களே தீர்மானிக்கும்படி மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடிவில்லாத பராமரிப்பு என்றால், வாரத்தில் அரை நாள் இன்னொருவர் பொறுப்பேற்றுக்கொள்வதற்கு ஈடான மருந்து கிடையாது; அதைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும். நெருங்கிய நண்பர் ஒருவர் சோதனைக்கு முன் உடனிருந்தாலே கார்ட்டிசால் ஏற்றம் குறைவதை, முன்பு சொன்ன ட்ரியர் முறையைப் பயன்படுத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடைப்பயிற்சியும், மூச்சை மெதுவாக நீட்டி விடும் பயிற்சியும், ஒழுங்கான தூக்கமும் உதவுகின்றன; ஆனால் அவை காரணத்தைத் தொடுவதில்லை. ஊழியர்களுக்கு யோகா வகுப்பு வைத்துவிட்டு நள்ளிரவுச் செய்திகளை நிறுத்தாத நிறுவனம் தன் கடமையைச் செய்துவிட்டதாக நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று மிக முக்கியம். நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவை தைராய்டு அதிகமாகச் சுரப்பதாலும் வரலாம், படபடப்பும் அசதியும் இரத்தசோகையாலும் வரலாம். ஆகவே ஒரு பொது மருத்துவரைப் பார்த்து அவற்றையும் இரத்த அழுத்தம், சர்க்கரையையும் சோதித்துவிடுங்கள். நெஞ்சு இறுக்கம் நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ கூடினால், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், அதை மனத்தின் மேல் போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமே இல்லாமல், மனம் முழுக்க வெறுமையாக இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், வீட்டில் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் சேவை 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.